மேனேஜர் வந்த வீடு: ஃப்ரிட்ஜ் நிரம்பிய நாள்

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது மெக்கானிக் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். இன்னும் இறங்கவில்லை. மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் இரண்டைத் துடைத்தாகிவிட்டது. மூன்றாவதைத் துடைக்க ஏணியை நகர்த்த வேண்டும், நகர்த்த இறங்க வேண்டும், இறங்கினால் கீழே நிற்கிற மேனேஜர் வேறு வேலை கொடுத்துவிடுவாள். அந்தப் பயத்தில் மனிதர் மேலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

மேனேஜருக்கு வயது ஒன்பது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெற்ற அம்மா இருக்கிறார். குடிப்பழக்கத்தில் விழுந்தவர். பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு நாள்கணக்கில் காணாமல் போய்விடுவார். அப்போதெல்லாம் அடுப்பு, துணி, பூட்டு, சாவி எல்லாம் இந்தப் பெண்ணின் பொறுப்பு. அம்மா திரும்பி வந்தால் அம்மாவும் இவள் பொறுப்பு. கடைசியில் குழந்தைகள் நலத் துறைக்காரர்கள் வந்தார்கள். அம்மாவை சிகிச்சைக்கு அனுப்பினார்கள். பெண்ணை, வளர்ப்புப் பெற்றோராக இருக்கப் பயிற்சி முடித்துக் காத்துக்கொண்டிருந்த நம் தம்பதியிடம் ஒப்படைத்தார்கள். தத்து இல்லை. அம்மா தேறும் வரைக்கும், அல்லது வேறு முடிவு வரும் வரைக்கும்.

எட்டு மாதத்துக்கு முன் வந்த அன்றைக்கே அவள் கேஸ் குழாயை முகர்ந்து பார்த்தாள். கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள். "ராத்திரி யாரு பூட்டுவீங்க? மறக்க மாட்டீங்கல்ல?" என்று கேட்டாள். வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் அந்த நிமிஷமே அவளுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்துவிட்டார். அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊருக்கே டீச்சர் என்பதால் மேனேஜருக்கும் டீச்சர்.

இன்றைக்குக் குழந்தைகள் நலத் துறை அலுவலர் வருகிறார். அவர் வருவது புதிதில்லை. ஆனால் போன வாரம் போனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"இன்னொரு குடும்பம் தயாரா இருக்காங்க. அவ வயசுலயே ரெண்டு பசங்க. தோட்டம் இருக்கு, நாய் இருக்கு. பெரியவங்களோடவே இருந்து இருந்து இவ பெரியவளாவே ஆயிட்டா, பசங்களோட இருந்தா நல்லதோன்னு குழுவுல நினைக்கறாங்க. எங்க இருக்க ஆசைன்னு நான் வந்து அவகிட்டயே கேக்கறேன்."

இதே கேள்வியைப் போன தடவையும் கேட்டார். மேனேஜர் தோளைக் குலுக்கி, "எதுவா இருந்தாலும் சரி" என்றாள். இந்தத் தடவையும் அப்படியே சொன்னால் நாய் இருக்கிற வீடு ஜெயித்துவிடும். டீச்சருக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

"நம்மகிட்ட இருன்னு சொல்லிடலாமா?" என்று மெக்கானிக் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார்.

"பயிற்சி வகுப்புல என்ன சொன்னாங்க? குழந்தைக்குப் பதில் சொல்லிக்குடுக்கக் கூடாது. நெருக்கக் கூடாது. நீங்க வாயைத் திறக்காதீங்க." டீச்சருக்கு விதி என்றால் விதிதான். ஆளில்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற ஜாதி.

ஆக, பெரியவர்கள் இரண்டு பேரும் குழந்தைக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. குழந்தை பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.

"மாமா, இறங்குங்க. ஒத்திகை பாக்கணும்."

மெக்கானிக் இறங்கினார். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், இந்தப் பக்கம் தம்பதி.

"குழந்தை எத்தன மணிக்குத் தூங்கும்?"

"தூக்கம் வந்தா தூங்கும்," என்றார் மெக்கானிக்.

மேனேஜர் கண்ணை மூடித் திறந்தாள். "ஒம்பது, ஒம்பதரைன்னு இழுத்துச் சொல்லணும் மாமா. டக்குனு ஒம்பதுன்னு சொன்னா மனப்பாடம் பண்ண மாதிரி தெரியும். சரி, குழந்தை என்ன சாப்பிடும்?"

"எல்லாம் சாப்பிடும்."

"எல்லாம்னு சொன்னா யாருமே நம்ப மாட்டாங்க. ஏதாவது ஒரு காய் பிடிக்காதுன்னு சொல்லுங்க."

"உனக்கு எந்தக் காய் பிடிக்காது?"

"உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லுங்க. அதுதான் மறக்காது."

மெக்கானிக் வியந்துபோய் மனைவியைப் பார்த்தார். மனைவி முறைத்தார்.

"டீச்சர், நீங்க. குழந்தை தப்பு பண்ணா என்ன செய்வீங்க?"

"ஓரமா நிறுத்தச் சொல்லி, இன்ஜினை அணைச்சிட்டு, பொறுமையா எடுத்துச் சொல்வேன்."

"எந்த இன்ஜினை?"

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பாரு கண்ணு, இதெல்லாம் ஒத்திகை பாக்கற விஷயமே இல்ல. இருக்கறத இருக்கற மாதிரி சொன்னா போதும்."

"இருக்கறத சொல்றவங்கதான் டீச்சர் உளறுவாங்க," என்றாள் மேனேஜர். அனுபவசாலி. எத்தனையோ அதிகாரிகளை வாசலோடு திருப்பி அனுப்பியவள்.

*

டீச்சருக்கு அன்றைக்குத் தள்ளிப்போட முடியாத ஒரு வகுப்பு இருந்தது. மாணவர் ஒரு பல் டாக்டர். அடுத்த வாரம் அவருக்கு லைசென்ஸ் பரீட்சை. அடுத்தவர் பல்லைப் பிடுங்கக் கை நடுங்காத மனிதர், நாற்சந்தியைப் பார்த்தால் கிடுகிடுத்துப் போவார்.

இன்றைக்கு மனிதர் நன்றாகத்தான் ஓட்டினார். வண்டிதான் ஓடவில்லை. முனகியது, திணறியது, சைக்கிளில் போகிற தாத்தாக்கள் எல்லாம் முந்திக்கொண்டு போனார்கள்.

"டீச்சர், நான் நல்லாத்தான் மிதிக்கறேன். வண்டி நகர மாட்டேங்குது."

"ஒழுங்கா மிதிங்க."

"டீச்சர், நீங்க பிரேக்ல கால் வெச்சிருக்கீங்க."

டீச்சர் குனிந்து பார்த்தார். கற்றுக்கொடுக்கிற வண்டியில் ஆசிரியர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தே அவர் கால் அதை அழுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"சாரி," என்றார். காலை எடுத்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'எனக்கு நீ வேணும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அது நெருக்குவதாகிவிடுமா, அந்த வார்த்தைகூட இல்லாமல் அந்தப் பிள்ளை எதை வைத்துப் பதில் சொல்லும் என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோனார்.

பல் டாக்டர் பயந்துவிட்டார். "நான் ஏதாவது தப்பா ஓட்டிட்டேனா டீச்சர்?"

"இல்ல டாக்டர். நீங்க நல்லாத்தான் ஓட்டறீங்க. வீட்டுக்கு விடுங்க."

இந்தப் பக்கம் வீட்டில், மெக்கானிக் பின்கட்டில் ஒரு வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டிருந்தார். பதற்றம் வந்தால் அவருக்கு ஏதாவது மெஷினைக் கழற்ற வேண்டும். மேனேஜர் தட்டு, கூடை, பெரிய பை என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். அவர் காதில் எதுவும் விழவில்லை.

*

அலுவலர் சரியான நேரத்துக்கு வந்தார். தோளில் கனமான பை, அறுந்த வாரை ஊக்கு குத்தி ஒட்டுப்போட்ட செருப்பு. போகிற வீட்டில் தண்ணீரைத் தவிர எதையும் வாங்கிக் குடிக்காதவர். படுக்கையறையைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார், பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டார்.

"ராத்திரி எத்தன மணிக்குத் தூங்கறா?"

"ஒம்பது, ஒம்பதரை," என்று இழுத்தார் மெக்கானிக். ஜன்னலோரம் நின்ற மேனேஜர் தெரியாமல் தலையசைத்துப் பாராட்டினாள்.

"என்ன பிடிக்கும் அவளுக்கு?"

இது ஒத்திகையில் வராத கேள்வி. மெக்கானிக்குக்கு முழி பிதுங்கியது. "முன்பக்கம் கதவு வெச்ச மெஷின்," என்றார். "துணி சுத்தறதப் பாத்துட்டு முன்னாடியே உக்காந்திருப்பா. முடியற வரைக்கும் நகர மாட்டா."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டாள். அலுவலர் மட்டும் சிரித்தார்.

"ஃப்ரிட்ஜைப் பாக்கலாமா?"

"தாராளமா," என்று மெக்கானிக் தானே போய்க் கதவைத் திறந்தார்.

திறந்த கதவு வழியாக ஒரு முட்டைக்கோஸ் உருண்டு வந்து அவர் காலில் விழுந்தது.

ஃப்ரிட்ஜுக்குள் விரல் நுழைய இடமில்லை. அட்டை அட்டையாக முட்டை. அடுக்கடுக்காகப் பால் பாக்கெட். பெரிய பாத்திரத்தில் சூப். 'தொட்டால் கை இருக்காது' என்று காகிதம் ஒட்டிய ஒரு டப்பா. வரிசையாக நிற்கிற ஐந்தாறு பால் புட்டிகள். நடுத்தட்டில் ஒரு பெரிய கேக். அதன்மேல் கிரீமில் எழுதியிருந்தது: 'நீண்ட நாள் உழைப்புக்கு நன்றி. ஓய்வு இனிதாகட்டும்.'

டீச்சர் திறந்த வாய் மூடவில்லை. காலையில் அவர் பார்த்தபோது அதில் பாதித்தட்டு காலியாக இருந்தது.

"யாருக்கு ரிட்டயர்மென்ட்?" என்று அலுவலர் கேட்டார்.

மெக்கானிக் மேனேஜர் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் வெளுத்திருந்தது. அதற்குமேல் அவர் எதையும் யோசிக்கவில்லை.

"எனக்குத்தாங்க," என்றார். தலையில் ஒரு நரைமுடி கிடையாது.

"ஓ. இந்தப் பால் புட்டி?"

"அதுவும்." கொஞ்சம் யோசித்து, "வயித்துல புண்ணுங்க," என்று சேர்த்துக்கொண்டார்.

அழைப்பு மணி அடித்தது. மேல் மாடிப் பெண் நின்றுகொண்டிருந்தார். "அண்ணே, டெஸ்ட் முடிஞ்சுதா? கேக்கை எடுத்துக்கவா? அப்பா ஆபீஸ்லேர்ந்து கிளம்பிட்டாராம்."

"என்ன டெஸ்ட்?" என்றார் அலுவலர்.

"ஃப்ரிட்ஜை ரிப்பேர் பண்ணியிருக்காராமே? நிரப்பி வெச்சாலும் குளிருதான்னு பாக்கணுமாம். பொண்ணு வந்து கேட்டுச்சு. எங்க மெஷினை ஓசியில சரி பண்ணிக் குடுத்த மனுஷன், இதுகூடக் குடுக்க மாட்டோமா?"

"நல்ல டெஸ்ட்தான் அது," என்று மெக்கானிக் தன்னை மறந்து முணுமுணுத்தார்.

கேக் போனது. கதவைச் சாத்துவதற்குள், வீரிட்டு அழுகிற கைக்குழந்தையோடு கீழ்வீட்டு அம்மா வந்து நின்றார். புட்டிகள் போயின. பின்னாலேயே டப்பாவின் சொந்தக்காரர் வந்து, யாராவது தொட்டார்களா என்று எல்லார் கையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். முட்டை, பால் பாக்கெட், முட்டைக்கோஸ் என்று மிச்சத்தையும் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். குட்டு முழுக்க வெளிப்பட்டது. ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்தது இந்த வீட்டுப் பால், இந்த வீட்டுப் பழம், நேற்றைய சூப், பாதி ரொட்டி.

டீச்சர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "ஏன் கண்ணு இப்படிப் பண்ணே? நம்ம வீட்டுலதான் சாப்பாடு இருந்துச்சே?"

மேனேஜர் பின்னால் நகர்ந்தாள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அலுவலர் ஃப்ரிட்ஜ் கதவை மெல்லச் சாத்தினார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அந்தப் பெண்ணின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

"உங்க பழைய வீட்டுக்கு நான் முதல்தடவை வந்தப்பவும் ஃப்ரிட்ஜ் இப்படித்தான் நிரம்பியிருந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

மேனேஜர் தலையை ஆட்டினாள்.

"அதப் பாத்துட்டு, இங்க எல்லாம் சரியா இருக்குன்னு நம்பிப் போயிட்டேன். மறுபடி நான் வந்தப்ப நீ ஜுரத்துல படுத்திருந்தே. அம்மா இல்ல. வீட்டுல ஒண்ணும் இல்ல. அன்னிக்கு இருந்ததெல்லாம் அக்கம்பக்கத்துல வாங்கி வெச்சதுன்னு அப்பதான் தெரிஞ்சுது." அவர் பையை இறக்கித் தரையில் வைத்தார். "அன்னிக்கு எதுக்கு அப்படி நிரப்பி வெச்சே?"

"காலியா இருந்தா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு."

"இன்னிக்கு?"

மேனேஜர் தரையைப் பார்த்தாள்.

"இங்க காலியா இல்லையேம்மா," என்றார் மெக்கானிக் மெதுவாக.

"பாதிதான் இருந்துச்சு மாமா." அவள் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள். "நிறைய இருந்தா விட்டுட்டுப் போவாங்க. ஒண்ணுமே இல்லேன்னா கூட்டிட்டுப் போவாங்க. பாதி இருந்தா என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியல."

மெக்கானிக்குக்குத்தான் முதலில் புரிந்தது. புரிந்ததும் மனிதர் வேகமாகப் பின்கட்டுக்குப் போய்விட்டார். அங்கே கழற்றி வைத்த மெஷினிடம் அவருக்கு என்ன வேலை என்று நாம் கேட்கவேண்டாம். மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது, விதியாவது வகுப்பாவது என்று பொங்கிவிட்டது.

"எனக்கு நீ இங்கயே இருக்கணும் கண்ணு. அந்த நாய் இருக்கற வீட்டுக்கு உன்னை அனுப்ப எனக்கு மனசே இல்ல. ஒரு வாரமா நான் தூங்கல. இதச் சொல்லக் கூடாதுன்னு வகுப்புல..." அலுவலரைப் பார்த்தார். "மன்னிச்சிடுங்க மேடம். சொல்லிட்டேன்."

"பதில் சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னுதானே சொன்னோம்?" என்றார் அலுவலர். "ஆசைப்படக் கூடாதுன்னு எப்ப சொன்னோம்?"

டீச்சர் திருதிருவென்று விழித்தார்.

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை. அதற்குப் பதில் கோபம் வந்தது.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன டீச்சர்? நான் பாட்டுக்கு ஏறி ஏறி இறங்கிட்டு இருக்கேன். அந்தக் கேக் எவ்வளவு கனம் தெரியுமா?"

"தப்புதான்," என்றார் டீச்சர்.

"இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லிடணும்."

"சொல்லிடறேன்."

"அப்ப நீ சொல்லு," என்றார் அலுவலர். "நிரப்பி வெச்சதப் பாத்து நான் எதையும் எழுதப் போறதில்ல. ஒருதடவை ஏமாந்தது போதும். உன் வாயால கேக்கணும். நீ எங்க இருக்க ஆசைப்படறே?"

மேனேஜர் வழக்கம்போலத் தோளைக் குலுக்கப் போனாள். குலுக்கவில்லை.

"இங்கதான்," என்றாள். சொல்லிவிட்டு, அடி விழப்போகிற பிள்ளை மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆசைப்பட்டதை வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாத பிள்ளை. எதுவும் விழவில்லை என்றதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். டீச்சர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். போய் மடியில் விழுந்தாள்.

பின்கட்டிலிருந்து ஏதோ பெரிய இரும்புச் சாமான் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று மெக்கானிக்கின் குரல் வந்தது. குரலெல்லாம் சிரிப்பு.

*

அலுவலர் உடனே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. எழுந்த பிறகும் பையைத் தோளில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ இங்க இருக்கறதப் பத்திக் குழுவுல நான் பேசறேன். கேப்பாங்கன்னு நம்பறேன். இன்னொரு விஷயம் இருக்கு. இதயும் உன் முன்னாடிதான் சொல்லணும்." அவர் குனிந்தார். "உங்க அம்மா இப்ப கொஞ்சம் தேறியிருக்காங்க. குடிக்கறதில்ல. உன்னைப் பாக்கணும்னு கேட்டிருக்காங்க. சனிக்கிழமை, எங்க ஆபீஸ்ல. நானும் கூட இருப்பேன். உனக்கு வேணாம்னா வேணாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

டீச்சரின் கை பிள்ளையை இறுக்கிக்கொண்டது. இந்த நாள் ஒருநாள் வரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். தேறிய தாயிடம் பிள்ளை போவதற்குத்தான் இத்தனை ஏற்பாடும் என்று அவரே பலருக்கு விளக்கியிருக்கிறார். மடியில் பிள்ளை இருக்கும்போது அது எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

மேனேஜர் மடியிலிருந்து எழுந்தாள். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டாள். முகம் மறுபடி மேனேஜர் முகமாகிவிட்டது.

"அம்மா சாப்பிடறாளா?"

"மூணு வேளையும் குடுக்கறாங்கம்மா அங்க."

"குடுத்தா சாப்பிட மாட்டா. பக்கத்துல உக்காந்து, சாப்பிடு சாப்பிடுன்னு சொல்லணும். அங்க யாராவது உக்காந்து சொல்றாங்களா?"

அலுவலர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல்படியில் வந்து நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார்.

"சரி, நான் வரேன்," என்றாள் மேனேஜர். பிறகு டீச்சரின் புறங்கையைத் தொட்டாள். "நீங்கதான் வண்டியில கூட்டிட்டுப் போகணும். ஆனா நான் வந்து கூப்பிடற வரைக்கும் நீங்க உள்ள வரக்கூடாது டீச்சர். வெளியிலயே இருக்கணும்."

"இருக்கேன்," என்றார் டீச்சர்.

"ரொம்ப நேரம் ஆனாலும் போயிடக் கூடாது."

"போக மாட்டேன் கண்ணு."

மேனேஜர் அவர் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்களை அவளுக்குத் தெரியும்.